பாட்டன் துப்பாக்கியும் பேரன் உயிரும்

சட்டம் குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டிருக்கிறது! கொலை செய்தவன் நிற்கவேண்டிய இடத்திலே, கொலையைத் தடுக்க வந்த சட்டம் தலைகுனிந்து நிற்கிறது. கொலைக்கருவியைக் கண்டபடி எடுத்துக்கொண்டு கடைவீதியிலே திரியாதே என்று சொன்னதுதான் அது இழைத்த குற்றம். வழக்குத் தொடுத்தவர்கள் யார்? துப்பாக்கி வைத்திருப்போரின் சங்கத்தார். அவர்கள் வாதம் என்ன? "எங்கள் பாட்டன் காலத்திலே இப்படியொரு தடை கிடையாது!" தீர்ப்பு என்ன? "பாட்டன் காலத்தில் இல்லாத தடை, பேரன் காலத்திலும் செல்லாது!"

கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 23-ம் நாள் அளித்த தீர்ப்பின் சாரம் இதுதான். புரூயன் வழக்கு என்று அதற்குப் பெயர். கைத்துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொண்டு வெளியிலே நடமாட விரும்புவோன், அதற்குத் தக்க காரணம் காட்டி உரிமம் பெறவேண்டும் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் செய்து நூறாண்டுக்கு மேலாகிறது. அந்தச் சட்டத்தை 9 நீதிபதிகளில் 6 பேர் வெட்டி வீழ்த்தினார்கள். நூறாண்டு வாழ்ந்த சட்டம், பழமை போதாது என்ற குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டது. வேடிக்கை அல்லவா இது!

தீர்ப்பு வந்த நேரத்தையும் பாருங்கள். அதே ஆண்டு மே 14-ம் நாள், அதே நியூயார்க் மாநிலத்திலே, பஃபலோ நகரின் கடையொன்றிலே, நிறவெறி பிடித்த ஒருவன் கறுப்பின மக்கள் 10 பேரைச் சுட்டுக் கொன்றான். பத்தாம் நாள், மே 24-ல், டெக்சாஸ் மாநிலத்து யுவால்டி ஊரின் தொடக்கப் பள்ளியிலே 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் பிணமானார்கள். அந்த ஆண்டு முழுவதிலும் துப்பாக்கியால் அந்நாட்டிலே மாண்டோர் 48 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். அதிலே பாதிக்கு மேல் தற்கொலை. புதைகுழியின் ஈரம் காயுமுன் வந்தது தீர்ப்பு. கரும்பலகைக்கு முன் நின்று காலந்தள்ளும் நாம், அந்தப் பள்ளியின் செய்தியைப் படித்தபோது, அயல்நாட்டுச் செய்தியென ஏட்டை மடித்து வைக்க முடியவில்லை. குழந்தை எந்த நாட்டிலே இருந்தாலும் குழந்தைதான். வகுப்பறை எந்த நாட்டிலே இருந்தாலும் வகுப்பறைதான்.

அமெரிக்க மக்கள் என்ன நினைத்தனர்? ஐயம் கொண்டனர். உச்ச நீதிமன்றத்தின்மீது மிகுந்த நம்பிக்கை உண்டா என்று காலப் நிறுவனம் 2022 ஜூனிலே கேட்டபோது, உண்டு என்றவர்கள் நூற்றுக்கு 25 பேர்தான். அந்த நிறுவனம் கேட்கத் தொடங்கிய நாள் முதலாக அவ்வளவு குறைந்ததில்லை. "அய்யகோ! நீதியின் கோயிலை ஐயுறலாமா? பாமரருக்குச் சட்ட நுணுக்கம் தெரியுமா?" என்று பட்டம் பெற்றோர் சிலர் பதறினார்கள். பதறட்டும்! ஐயுறுவது அறிவின் முதற்படி என்று கற்றுக்கொண்டவர்கள் நாம். கோயிலிலே கேள்வி கேட்கலாம் என்றால், கோர்ட்டிலே கேட்கக் கூடாதா? நீதிமன்றம் தீர்ப்பளிக்கும், தீர்ப்புக்கு அடங்கி நடப்போம். ஆனால், அளந்த அளவுகோல் நேரானதா, கோணலா என்று பார்க்கும் உரிமையை எந்தத் தீர்ப்பும் எவரிடமிருந்தும் பறித்துவிட முடியாது.

அந்த அளவுகோலைத்தான் பார்ப்போம். துப்பாக்கியைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று செல்ல வேண்டுமானால், அது உயிரைக் காக்கிறதா, ஊரைக் காக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லையாம். நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஏடுகளைப் புரட்டிப் பார்க்க வேண்டுமாம்! எந்தப் பழைமை? ஆயுதம் தாங்கும் உரிமையைப் பேசும் இரண்டாம் திருத்தம் 1791-ல் வந்தது. அன்று கறுப்பர் அடிமைகள். அடிமை முறை நாடு முழுதும் ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்களுக்கு வாக்கு இல்லை. நாடு தழுவிய வாக்குரிமை 1920-ல் வந்தது. ஒரு குண்டைக் குழலிலே திணித்துச் சுட்டு, மறுபடி மருந்து இடித்துச் சுடும் காலம் அது. அந்தக் காலத்து நிலக்கிழார்களின் பழக்கத்தைக் கொண்டு, நொடிக்கொரு குண்டு கக்கும் கருவிக்கு இலக்கணம் எழுதுவதா?

கோணல் அளவுகோலால் அளந்தால் விளைவும் கோணலாகத்தான் இருக்கும். பெண்ணைத் தாக்கியவன், அவள் அருகே போகாதே என்று நீதிமன்றத்தாலே தடுக்கப்பட்டவன், துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று அமெரிக்க ஒன்றியத்தின் சட்டமொன்று கூறுகிறது. கூறலாமா? பழைய ஏட்டிலே அப்படித் தடை இல்லையே என்று, 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அந்தச் சட்டத்தைச் செல்லாதது ஆக்கிற்று! பாட்டன் காலத்திலே மனைவியை அடிப்பவனிடமிருந்து எவரும் துப்பாக்கியைப் பறிக்கவில்லை; ஆகவே பேரனிடமிருந்தும் பறிக்காதே! 2024 ஜூன் 21-ல் உச்ச நீதிமன்றமே அதை மாற்றவேண்டி வந்தது. ரஹீமி வழக்கு என்ற அந்த வழக்கிலே 8 நீதிபதிகள் சட்டத்தின் பக்கம் நின்றனர். மாறாக நின்ற ஒரே ஒருவர், புரூயன் தீர்ப்பை எழுதிய அதே நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ்! தாம் வடித்த அளவுகோலை வளையாமல் பிடித்தவர் அவர் ஒருவரே. வளையாமல் பிடித்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அந்தப் பழைமையிலும் ஒரு பொறுக்கல் உண்டு. டெக்சாஸ் மாநிலமே 1871-ல், கைத்துப்பாக்கியோடு வெளியே திரிவதைத் தடுத்து ஒரு சட்டம் செய்தது. மேற்குப் பகுதியின் டூம்ஸ்டோன் ஊரிலே, 1881-ல், ஊருக்குள் ஆயுதம் எடுத்து வரத் தடை இருந்தது. இவையும் பழைமைதானே? டெக்சாஸ் சட்டமும் மேற்குப் பகுதித் தடைகளும் விதிவிலக்குகள் என்று ஒதுக்கிவிட்டது புரூயன் தீர்ப்பு. தனக்கு வேண்டிய பாட்டனைத் தலைமேல் வைத்துக்கொண்டு, வேண்டாத பாட்டனைத் திண்ணையிலே உட்கார வைப்பவனுக்குப் பெயர் பழைமை போற்றுபவன் அல்லன். பழைமையை வைத்துப் பிழைப்பவன்!

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்பீர். நம் உத்திரமேரூரையே எடுத்துக்கொள்வோம். இங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே, முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உண்டு, கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்டவை. குடவோலை முறையிலே சபையோரைத் தேர்ந்தெடுத்த விதியை அவை கூறுகின்றன. கணக்குக் காட்டாதவன் நிற்கலாகாது. அவன் உறவினரும் நிற்கலாகாது. நல்ல விதி! பாராட்டுகிறோம். அதே கல்லிலே இன்னும் என்ன இருக்கிறது? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவனாக இருக்கவேண்டும், சொந்த மனையிலே வீடு கட்டியிருக்கவேண்டும், 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருக்கவேண்டும், வேதம் கற்றிருக்கவேண்டும். ஊரின் பெயரே சதுர்வேதிமங்கலம்! உழுதவன் பெயருக்கு அந்தக் குடத்திலே இடமில்லை. பெண்ணின் பெயருக்கு இடமில்லை.

நாளை ஒருவர் வழக்குத் தொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஊராட்சிகளிலே பெண்களுக்குப் பாதி இடம் என்று தமிழ்நாட்டரசு 2016-ல் செய்த சட்டம் செல்லாது, ஆயிரமாண்டுக் கல்வெட்டிலே அதற்குச் சான்று இல்லை" என்று வாதாடுகிறார். களை பறிக்கும் தாய்மார்கள் அந்த வழக்கறிஞரைப் பார்த்துச் சிரிப்பார்களா, மாட்டார்களா? கல்வெட்டு வரலாற்றுக்கு விளக்கு. அதை எவரும் உடைக்கச் சொல்லவில்லை. விளக்கைக் கையிலே பிடித்து வழி பார்க்கலாம். விளக்கைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட முடியுமா? நியூயார்க் சட்டத்தை வீழ்த்திய வாதமும் இந்தக் குடவோலை வாதமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பழைமையைத்தான் பேச வேண்டும் என்றால், அதிலும் நாம் வெறுங்கையர் அல்லர். உத்திரமேரூருக்குத் தென்கிழக்கே சில கல் தொலைவிலே வேடந்தாங்கல் இருக்கிறது. 18-ம் நூற்றாண்டின் இறுதியிலே, வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியிலே வந்திறங்கும் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று கண்டிருந்த உழவர்கள் ஒன்றுகூடிக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் கவுல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அமெரிக்கர் தம் திருத்தத்தை எழுதிய ஏழே ஆண்டுகளில், நம் வட்டாரத்து உழவன் ஆண்டவனின் துப்பாக்கிக்கே எல்லைக்கோடு கிழித்தான்! ஆயினும், இந்தப் பெருமையைக் காட்டி இன்றைய சட்டத்தை நிலைநிறுத்த நாம் முனையவில்லை. உழவன் 1798-ல் கேட்டது சரி. காரணம், அது 1798-ல் நடந்தது என்பதன்று, ஊருக்கு நன்மை என்பது.

இந்திய ஒன்றியத்திலே நிலை என்ன? துப்பாக்கிச் சட்டம் இங்கே ஒன்றியப் பட்டியலிலே உள்ளது. 1878-ல் லிட்டன் காலத்திலே வெள்ளையர் செய்த ஆயுதச் சட்டம், நாட்டு மக்கள் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. வெள்ளைத் தோலுக்கு மட்டும் விலக்களித்தது. அந்த இழிவுக்கு எதிர்ப்பாகத்தான், ஆயுதம் வைத்திருப்பது குடிமகன் உரிமை என்று 1931 கராச்சிக் காங்கிரசு தீர்மானித்தது. அப்போதும் விதிகளுக்கு உட்பட்டு என்றுதான் சொன்னது. 1948 டிசம்பரிலே, அரசியல் நிர்ணய சபையிலே, அதை அடிப்படை உரிமையாக்க வேண்டுமென்று எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். அண்ணல் அம்பேத்கர் மறுத்தார். அவரவரும் சந்தைக்குச் சென்று தாக்கும் கருவிகளைத் தடையின்றி வாங்கலாம் என்றால் அரசு எப்படி நடக்கும் என்று கேட்டார். திருத்தம் தோற்றது. 2023 பிப்ரவரியிலே, உத்தரப் பிரதேசத்து வழக்கொன்றிலே, உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எம். ஜோசப், பி.வி. நாகரத்னா இருவரும், அமெரிக்காவைப் போல் இங்கே ஆயுதம் தாங்குவது அடிப்படை உரிமையன்று என்று சுட்டிக் காட்டினர்.

அப்படியானால் பாட்டன் வாதம் இங்கே நுழையவில்லையா? நுழைந்தது; கருநாடகத்துக் குடகு மலையிலே நுழைந்தது! குடகர் இனத்தவரும், ஜம்மா என்னும் பரம்பரை நில உரிமை உடையோரும் துப்பாக்கி உரிமம் பெறத் தேவையில்லை. 1861-லிருந்து வெள்ளையர் தந்த சலுகை அது; 1963-ல் ஒன்றிய அரசின் அறிவிக்கையிலே தொடர்ந்தது; 2019-ல் மீண்டும் 2029 வரை நீட்டிக்கப்பட்டது. பிறப்பைப் பார்த்தும் பாட்டன் நிலத்தைப் பார்த்தும் விலக்களிப்பது சமத்துவமாகுமா என்று, ஓய்வுபெற்ற படை அதிகாரி ஒருவர் கருநாடக உயர் நீதிமன்றத்திலே கேட்டார். 2021 செப்டம்பர் 22-ல் தீர்ப்பு வந்தது. குடகர் போர்க்குடியினர், விடுதலைக்கு முன்பிருந்தே சலுகையை நுகர்பவர், விலக்கும் குறித்த காலத்துக்குத்தான், ஆகவே செல்லும் என்றது நீதிமன்றம்.

குடகு மக்கள்மீது நமக்குப் பகையில்லை. அவர்கள் அந்தத் துப்பாக்கிகளைத் தவறாகப் பயன்படுத்துவதில்லை என்று கூறுகிறார்கள், இருக்கட்டும். தவறு செய்யாதவனுக்கு உரிமம் வாங்குவதிலே என்ன இழப்பு? நம் கேள்வி வேறு. போர்க்குடி என்ற பட்டத்தை ஒட்டியவன் யார்? எவன் தனக்குப் படையாளாக வேண்டுமோ அவனை வீரன் என்றும், எவன் எதிர்த்தானோ அவனை வேறு என்றும் பிரித்த வெள்ளையன்! அவன் ஒட்டிய சீட்டை, விடுதலை பெற்ற நாட்டின் நீதி இன்னும் படித்துக்கொண்டிருப்பதா?

நம் பக்கத்து நரிக்குறவரைப் பாருங்கள். நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியும் கொண்டு காடை, கௌதாரி பிடித்து வயிறு வளர்த்தது அவர்களுடைய பாட்டன் வழக்கம். 1972-ல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை குற்றமாயிற்று. ஊசியும் பாசியும் விற்கத் தெருவுக்கு வந்தனர். அவர்களுடைய பாட்டனுக்கு எந்த நீதிமன்றம் மாலையிட்டது? பழங்குடிப் பட்டியலிலே இடம் பெறுவதற்கே 2023 வரை காத்திருந்தனர். காட்டுயிரைக் காப்பது தேவைதான். அந்தச் சட்டத்தை நாம் குறை கூறவில்லை. நிலமுடையோன் தோளிலே தொங்கினால் துப்பாக்கி பரம்பரைப் பெருமை, நிலமற்றோன் தோளிலே தொங்கினால் குற்றம் என்பது எந்த ஊர் நீதி? பழைமை என்பது எல்லோருக்கும் உண்டு. ஆனால், வழக்குமன்றத்திலே பேசும் பழைமை, வசதி படைத்தோரின் பழைமைதான்.

பழைமையைச் சான்றுக்கு அழைத்துச் சட்டத்தை வீழ்த்தும் வித்தையை நாம் கோயில் வாயிலிலும் கண்டோம். அர்ச்சகர் பதவி தந்தையிடமிருந்து மகனுக்கு என்ற முறையை ஒழிக்கத் தமிழ்நாட்டரசு 1970-ல் சட்டம் செய்தது. உடனே வழக்கு. 1972 மார்ச்சிலே உச்ச நீதிமன்றம் பரம்பரைப் பதவி ஒழிந்தது சரி என்றது. ஆனால், நியமனம் ஆகமப்படி இருக்கவேண்டும் என்று ஒரு பூட்டையும் போட்டது. 2021 ஆகஸ்டிலே, பயிற்சி பெற்ற பல சாதியினருக்கு அரசு நியமன ஆணை வழங்கும் வரை, அரை நூற்றாண்டு அந்தப் பூட்டுத் தொங்கிற்று. வழக்கு வந்தால் தமிழன் புருவத்தை நெரிப்பது ஏன் என்று கேட்போர், இந்தக் கணக்கைப் பார்க்கட்டும்.

மறுப்போர் இருவகைக் கேள்வி எழுப்புகின்றனர். இரண்டும் தட்டிக் கழிக்கத் தக்கனவல்ல.

"சட்டம் கெட்டதாக இருந்தால் வழக்குத் தொடுப்பது குற்றமா?" குற்றமல்ல. தொடுக்கத்தான் வேண்டும். குடகுச் சலுகையை எதிர்த்ததும் வழக்குத்தானே? அவர் சமத்துவம் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தார், அதை வரவேற்கிறோம். உரிமம் தருவதிலே செல்வாக்குக்கு ஒரு நீதியும், ஏழை உழவனுக்கு ஒரு நீதியும் இருந்தால், அதை எதிர்த்து எவர் நீதிமன்றம் சென்றாலும் நாம் அவர் பக்கம். நம் ஐயம் வழக்கின்மீது அன்று. வழக்கிலே நுழையும் பாட்டன்மீது.

"அரசின் கையிலே மட்டும் துப்பாக்கி இருந்தால், அரசே மக்களைச் சுட்டால் என்ன செய்வீர்?" நெஞ்சைத் தைக்கும் கேள்வி இது. 2018 மே 22-ம் நாளைத் தமிழ்நாடு மறக்காது. தூத்துக்குடியிலே ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்து ஊர்வலம் போன மக்களைக் காவல்துறை சுட்டது. 13 உயிர்கள் போயின. ஊர்வலத்தார் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால் அந்த 13 குறைந்திருக்குமா, கூடியிருக்குமா? எண்ணிப் பாருங்கள். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் ஆராய்ந்து, காவல்துறையின் தவற்றைச் சுட்டிக் காட்டியது. சுட்டவனைக் கூண்டிலே ஏற்றவேண்டும். அதற்கு ஓயாமல் போராடவேண்டும். அரசின் துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு, தனியாரின் துப்பாக்கிக்கும் கட்டுப்பாடு. இதுதான் மக்களாட்சியின் இலக்கணம்.

தனியார் துப்பாக்கி கிராமத்திலே யாருக்குத் துணை நிற்கும் என்பதற்கும் நம் மண்ணிலேயே பாடம் உண்டு. 1968 டிசம்பர் 25-ம் நாள் இரவு, கீழ்வெண்மணியிலே, அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்ட ஆதிதிராவிட உழைப்பாளிகளைத் தேடித் துப்பாக்கியோடும் தீப்பந்தத்தோடும் வந்தது ஒரு கும்பல். குடிசையொன்றிலே ஒளிந்த 44 பேர் வெந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973-ல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. காரும் நிலமும் உடைய பெரிய மனிதர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்களா என்று வியந்தது! ஆயுதம் தாங்கும் உரிமை என்ற அழகான சொல், நம் ஊர்த் தெருவிலே இறங்கி நடந்தால், மேலத்தெருவின் திண்ணையிலே போய்த்தான் உட்காரும். சேரியின் குடிசையிலே உட்காராது.

எனவே தோழர்களே, ஏட்டிலே செய்தி வரும்: மக்கள் மன்றம் செய்த சட்டத்தை எதிர்த்து வழக்கு என்று. நியூயார்க்கிலே நடந்தாலும், நம் சென்னையிலே நடந்தாலும், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தொடுத்தவர் யார்? சட்டம் வீழ்ந்தால் எவருடைய உயிர் அம்பலத்துக்கு வரும்? அளக்கும் கோல் இன்றைய மனிதனா, நேற்றைய வழக்கமா? மூன்றாவது கேள்விக்கு விடை பாட்டன் என்று வருமானால், தயங்காமல் ஐயுறுங்கள். வழக்கறிஞரின் அங்கி கறுப்பாக இருப்பதாலேயே வாதம் வெளுத்துவிடாது.

சட்டங்கள் உயிரோடு இருப்பவர்களுக்காக. இறந்தோர் நமக்கு ஏடுகளைத் தந்தனர், ஏரிகளைத் தந்தனர், கல்வெட்டுகளைத் தந்தனர், நன்றி செலுத்துவோம். ஆனால், நாளைக் காலை பள்ளிக்கு வரும் பிள்ளையின் உயிருக்கு விலை குறிக்கும் உரிமையை அவர்களுக்கு எவரும் எழுதிக் கொடுக்கவில்லை.